அரைப்பேர் விழுந்த மத்தியானம்

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அடுப்புல சோறு இருக்கு, பொறவு பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் சோறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடுப்பையே நான் மூட்டியிருக்கவில்லை. போனில் பதில் சொல்லப் போனால் நான் கத்துவேன், நீ "ம்... ம்..." என்பாய், கடைசியில் ரெண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். இன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடக்கிறது, பால் வெட்டு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ரப்பர் கத்தியைப் பிடித்த கை, பேனாவைக் கண்டால் முறைக்கிறது.

நீ கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "அம்மா, சித்திரை லீவுக்கு ஆளுங்க நெறைய வர்றாங்களாம், முதலாளி திரும்பக் கூப்பிடுறாரு. இனிமே அவரைக் கேக்காம யாரையும் பாதி வழியில திருப்பிக் கூட்டிட்டு வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். சொல்லிட்டு வந்துடவா?" நீ அதைக் கேட்ட விதத்திலேயே தெரிந்தது, பாதி மனசு ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டது என்று. எனக்கும் ஆசை இல்லாமலா? கித்துல்கலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப் பாதையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை நீ ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது. கொழும்பில் கடைக்குப் பின்னால் பெட்டி அடுக்குகிற வேலை நீ கோபத்தில் தேடிக்கொண்டது. கோபத்தில் தேடின வேலையில் ஒரு மனுசன் எத்தனை காலம் நிற்பான்? நீ வந்தால் இந்தத் தோட்டத்து லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பிராவில் மறுபடி ஒரு சத்தம் இருக்கும். இருந்தும் நேற்று நான் உன்னை "வா" என்று சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுமையாகப் படி.

அந்த நடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பங்குனி பிறந்து ரப்பர் மலையெல்லாம் துளிர்த்திருந்த நேரம். மாசியில் மொட்டையாக நின்று நம் காலடியைச் சருகால் மூடின மரங்கள், திடீரென்று செம்புக் கலரில் இலை விட்டிருந்தன. துளிர் முற்றும்வரை மரத்துக்கு லீவு. மரத்துக்கு லீவு என்றால் எங்களுக்குப் புல்லு வெட்டு. அப்படி முதுகு ஒடிந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் நீ வந்து, "அம்மா, நாளைக்கு ஞாயிறுதானே, என்கூட நடக்க வாங்க" என்றாய். "எங்கடா?" "சும்மா நடக்கத்தான்." "வேலை இல்லாம எதுக்குடா காட்டுக்குள்ள நடக்கணும்?" "அதுக்குத்தாம்மா கொழும்புல இருந்து காசு கட்டிட்டு வர்றாங்க." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பிராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மேடு ஏறி இறங்குவதற்குக் காசு கட்ட வேண்டுமென்றால் நம் பரம்பரையே கடனில் போயிருக்கும் என்று சொன்னேன். ஆனால் நீ கெஞ்சினாய். முதலாளியிடம் சொல்லி அனுமதியும் வாங்கி வைத்திருந்தாய். நீ செய்கிற வேலையை நான் ஒரு தரமாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஒரு பிடிவாதம். அது எனக்குப் புரிந்தது, அதனால் வந்தேன்.

தோணித்துறையில் நான் கரையிலேயே நின்றுவிட்டேன். உங்க அப்பாவை ஓடை கொண்டுபோன நாளிலிருந்து ஓடுகிற தண்ணீர்ப் பக்கம் நான் போவதில்லை, குளிக்கக்கூட மலைத் தண்ணீர் குழாயில் விழுகிற பீலிக்குத்தான் போவேன். தோணிக்காரர் சோமே மாமா "பய வெண்ட எபா அக்கே" என்று சிங்களத்தில் சொல்லிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பயப்படாதே அக்கா என்று சொல்வது அவருக்குச் சுலபம், அவர் தண்ணீரிலேயே பிறந்தவர். நீ கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்கம்மா, அந்தப் பக்கம் போய்த் திறந்தாப் போதும்" என்றாய். நான் மூடவில்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். உங்க அப்பாவுக்கு இருந்த அதே நெற்றி.

காட்டுக்குள் நடந்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இங்கே ஒரு மரத்திலும் கத்தி படவில்லையே என்றுதான். பட்டையெல்லாம் முழுசாக இருந்தது. மரம் மரமாக நின்றது, யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல். பாதை ஆற்றை ஒட்டியே போனது; சில இடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, சில இடத்தில் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் இலைகளுக்கு நடுவில் விழுந்து ஓடைக் கல்லில் ஆடியது. நீ முன்னால் நடந்தாய். காசு கட்டி வந்திருந்தவர்களில் பெரிய தொப்பிக்காரரிடம் சிங்களத்தில் பேசினாய், ரோஸ் கலர் சப்பாத்துப் போட்ட பெண்ணிடம் இங்கிலீஷில் பேசினாய், நடுநடுவே திரும்பி "அம்மா, அட்டை ஏறுதா பாருங்க, கால்ல சவுக்காரம் தேச்சீங்களா?" என்று தமிழில் கேட்டாய். மூக்கில் கொம்பு வைத்த ஒரு ஓணானை நீ காட்டியபோது, கொழும்பு ஆட்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓணானைப் பார்க்கவில்லை. அவர்கள் உன்னைப் பார்க்கிறதைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, தம்பி. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் திட்டுவது என்றால் வார்த்தை தானாக வரும், பாராட்டுவது என்றால் ஊரைச் சுற்றித்தான் வரும்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கூத்தைச் செய்தேன். காட்டுக்குள்ளேயே ஒரு இடத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. எந்தக் காலத்திலோ கைவிட்ட மலை, காடு வந்து மூடிவிட்டது. ஆனாலும் மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது, சிரட்டை கட்டின கம்பிகூட ஒன்றிரண்டில் பட்டைக்குள் புதைந்து கிடந்தது. நான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கை அடுத்த மரத்துக்குப் போனது, கால் பின்னாலேயே போனது. சரிவைச் சுற்றி மரம் வரிசையாகப் போகிற நிரை அது, கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். யாரோ காட்டோரத்துப் பையன் கீறிவிட்டுப் போயிருப்பான் போல, ஒரு மரத்தில் ஒட்டுப்பால் காய்ந்து தொங்கியது. அதை இழுத்து, விரலில் சுற்றிக்கொண்டே போனேன். பாதையை விட்டு விலகினது தெரியாமல் இல்லை. ஆனால் தோட்டத்தில் எந்த நிரையைப் பிடித்து நடந்தாலும் கடைசியில் ரோட்டுக்குத்தானே வந்து சேரும்? நானும் அப்படியே முன்னால் போய் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். தோட்டக்காரிக்கு வேறு என்ன தோன்றும்? அந்த நிரைக்கு ரோடும் இல்லை, முடிவும் இல்லை. மண் சரிந்து பள்ளமாகி, பிரம்புப் புதர்தான் நின்றது. நீ "அம்மோவ்! அம்மோவ்!" என்று கத்திக்கொண்டு வந்து கண்டுபிடித்தபோது, என் கையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு ரப்பர் பந்து இருந்தது. வியர்த்து விறுவிறுத்து வந்தவன் அதைப் பார்த்தாய். "லீவுன்னு வந்தீங்க, இங்கயும் வேலையா?" என்றாய். கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாம் திரும்பி வந்தபோது மற்றவர்கள் கல்லில் உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். பிறகு பாதைக்குக் குறுக்கே ஓடுகிற அந்தக் காட்டு ஓடைக்கு வந்தோம். கல்லுக்குக் கல் தாண்டி அந்தப் பக்கம் போனால் நீர்வீழ்ச்சி, அதைப் பார்க்கத்தான் அவ்வளவு பேரும் வந்தது. திரும்பி வரவும் அதே கற்கள்தான். மேலே மலைப் பக்கம் கறுத்திருந்தது. தூரத்தில் ஒரு இடி. தண்ணீர் கணுக்கால் அளவுதான், தெளிவாகத்தான் ஓடியது. நீ குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாய், மேலே பார்த்தாய், மறுபடி தண்ணீரைப் பார்த்தாய். எழும்பி, கையைக் கூப்பி, "மன்னிச்சுக்குங்க சேர், திரும்பிப் போவோம்" என்று சிங்களத்தில் சொன்னாய். தொப்பிக்காரர், "அம்மாவைத் தேடப் போய் நேரத்தை நாசமாக்கிட்டு, இப்ப மழைன்னு சொல்றியா தம்பி?" என்று கேட்டார். நான் சிங்களம் தெரியாதவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நீ திரும்பி முன்னால் நடந்தாய்.

மழை வரவில்லை. அதுதான் கொடுமை. கறுத்த மேகம் வேறு மலையில் போய்க் கொட்டியிருக்க வேண்டும். தோணித்துறைக்கு வந்து சேர்ந்தபோது சுள்ளென்று வெயில். ஆறு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ் சப்பாத்துப் பெண் வானத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், சிரித்தாள். எனக்கு அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முதலாளியிடம் புகார் போனது. நீ அவரிடம் "தீர்மானம் என்னோடதுதான் சேர்" என்று மட்டும் சொன்னதாகச் சோமே மாமா பிறகு சொன்னார். அம்மா வழி தவறினாள் என்று ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லையாம். நான் போய்ச் சொல்கிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு நின்றபோதும், "வேணாம்மா" என்று வாசலில் குறுக்கே நின்றாய்.

அன்றைக்கு முதலாளி உனக்கு அரைநாள் காசுதான் கொடுத்தார், அந்தக் கோபத்தில்தான் நீ வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனாய். அரைநாள் காசு என்று நீ வந்து சொன்னதும் நான் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேனே, நினைவிருக்கிறதா? அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, தம்பி. உங்க அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பால் வாளியோடு ஓடையில் போனார் என்பதுதான் உனக்குத் தெரியும். அதற்கு முந்தின கிழமை, ஏழெட்டு நாளைக்கு முன்னால் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அப்போது நாங்கள் மேல் மலையில் பால் வெட்டினோம். சேர்த்த பாலை வாளியில் ஊற்றி, ஓடையைத் தாண்டி, பால் ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாலம் கிடையாது, கற்கள்தான். ஒருநாள் ஓடை கலங்கி வந்ததைப் பார்த்து உங்க அப்பா திரும்பிவிட்டார். தண்ணீர் வடியட்டும் என்று அவர் காத்திருந்ததில் பால் வாளியிலேயே உறைந்துபோனது. கங்காணி அரைப்பேர் போட்டுவிட்டார், அன்றைக்குள்ள மரமெல்லாம் பால் வெட்டி முடித்தவனுக்கு அரைநாள் கணக்கு. அதற்கு மேல் வேலை இல்லை என்று உங்க அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போதும் பொழுது சாயத்தான் வருவார். அன்றைக்கு வந்ததும் உன்னைத் தூக்கிப் பீலியில் குளிப்பாட்டினார். நீ அப்போதுதான் நடை பழகி ஓடுகிற பிள்ளை. ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றி உனக்கு ஒரு பந்து செய்து கொடுத்தார். அது எங்கே விழுந்தாலும் நினைத்த பக்கம் போகாமல் வேறு பக்கம் துள்ளும், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கருவாடு சுட்டேன். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இன்னைக்கு அரைப்பேர்தான் புள்ள, பரவாயில்லயா?" என்று கேட்டார். "தினமும் அரைப்பேர் போட்டாலும் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடத்தில், கங்காணி அவரைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, இன்னைக்காவது தண்ணியில கால் நனையுமா, இல்ல தூக்கிட்டுப் போக ஆள் அனுப்பணுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, காலை நேரத்துச் சிரிப்புதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு கிழமை முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. சின்னப் பிள்ளைகள்கூட "தண்ணி மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அடுத்த தடவை ஓடை கலங்கி வந்தபோது, கூட இருந்தவர்கள் "நில்லுங்க, பார்த்துப் போவோம்" என்று சொல்லியும் கேட்கவில்லையாம். "இன்னொரு அரைப்பேர் வாங்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வாளியோடு இறங்கினாராம். தண்ணீர் கொண்டுபோகும் முன்னாலேயே அந்தச் சிரிப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது புரிகிறதா, நேற்று ஏன் போனை வைத்தேன் என்று? நீ திரும்பினது சரியா, தப்பா, எனக்குத் தெரியாது. தண்ணீர் வந்திருக்குமா, வந்திருக்காதா, அது யாருக்கும் தெரியாது. நான் வழி தவறாமல் இருந்திருந்தால் மேகம் வருமுன்னே போய் வந்திருப்பீர்கள், அல்லது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அதையும் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திரும்பி வந்தவனைப் பார்த்துச் சிரிக்கலாம், காசை வெட்டலாம், புகார் சொல்லலாம், ஏனென்றால் அவன் நம் முன்னால் உயிரோடு நிற்கிறான். அன்றைக்கு உங்க அப்பா இன்னொரு தரம் திரும்பியிருந்தால் இன்னொரு அரைப்பேர் விழுந்திருக்கும், இன்னும் ஒரு கிழமை சிரித்திருப்பார்கள், நானும் இன்னொரு மத்தியானம் கருவாடு சுட்டிருப்பேன்.

அதனால் அந்த வார்த்தையை முதலாளிக்குக் கொடுக்காதே. "உங்களைக் கேட்காமல் திரும்ப மாட்டேன்" என்று சொல்வாயாம். அந்தக் காட்டுக்குள் போனில் ஒரு கோடுகூட சிக்னல் வராது, யாரைக் கேட்பாய்? ஓணானையா? முதலாளியும் கெட்ட மனுசன் இல்லை, புகார் வந்தால் யாருக்கும் உறைக்கத்தான் செய்யும். ஆனால் நீ அந்த வார்த்தையைக் கொடுத்தால், அடுத்த தரம் ஓடைக்கரையில் குந்தும்போது தண்ணீரைப் பார்க்க மாட்டாய், அவர் முகத்தைத்தான் பார்ப்பாய். உங்க அப்பா கடைசியாகப் பார்த்தது கங்காணியின் முகத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன். கங்காணி அங்கே இல்லாவிட்டாலும்.

நேற்று உன் போன் வந்த பிறகு, முதலாளி அனுப்பி, சோமே மாமா பதில் கேட்டு லயத்துக்கே வந்தார். "மொகத அக்கே, என்ன சொல்றான் பையன்?" என்றார். நான் சொன்னேன்: "அவன் வருவான். ஆனா எந்த ஓடையில திரும்பணும், எந்த ஓடையைத் தாண்டணும்னு அவன்தான் சொல்லுவான். அது சரின்னா முதலாளி கூப்பிடட்டும். அன்னைக்கு வழி தப்பினது நான், அதையும் சொல்லுங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இதை நான் எப்படிச் சொல்றது?" என்றார். "தோணி தள்ளுற மாதிரி மெதுவாத் தள்ளுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். முதலாளி என்ன சொல்வாரோ தெரியாது. வேண்டாம் என்றால் வேண்டாம். பெட்டி அடுக்கு, வேறு காடு தேடு, நம் நாட்டில் காட்டுக்கும் ஆற்றுக்குமா பஞ்சம்? உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று கோபம் வந்தால், நேரில் வந்து கோபி. அதற்காகவாவது சித்திரைக்கு வந்து சேர்.

அன்றைக்குக் காட்டில் என் கை சுற்றின பந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுற்றும்போது எனக்கு எந்த நினைவும் இல்லை, கைதான் நினைவில் வைத்திருந்தது போல. நேற்று அதைத் தரையில் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். இப்போதும் நினைத்த பக்கம் போகவில்லை.

நீ நாளைக்கு எங்கே நடந்தாலும், யாரை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், வழியில் தண்ணீர் கலங்கினது மாதிரி மனசில் பட்டால் திரும்பிவிடு. அரைப்பேர் விழட்டும். இந்த வீட்டில் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கருவாடு சுட்டு வைத்திருப்பேன்.

அம்மா